மவுஸ் யார் கையில்?

ஆரணிப் பட்டுக் கடையில் மவுஸ் அம்பு தானாக ஓடினால் யாரும் வேப்பிலை தேடுவதில்லை. "சென்னையிலேருந்து சார் உள்ள வந்திருக்காரு" என்கிறார்கள். ஜிஎஸ்டி கணக்கு இடறியதும் திரையில் தெரியும் எண்ணைக் கணக்கு சாஃப்ட்வேர் சாருக்குப் போனில் படித்துவிட்டால் போதும். முதலாளி கைகட்டி நின்று தன் கம்ப்யூட்டரையே வேடிக்கை பார்க்கலாம்.

1990களில் கேம்பிரிட்ஜின் ஆலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்த விஎன்சி என்ற மென்பொருள் இந்த வித்தையைப் பரப்பியது. இங்கிருந்து திரையின் படம் போகும், அதிலும் மாறிய பகுதி மட்டும். அங்கிருந்து கிளிக்கும் விசைத்தட்டலும் வரும்.

நெசவாளிக்கு இதில் வியப்பு என்ன? அவர் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. அட்டையில் துளை போட்டவர் எங்கோ இருப்பார். எந்தப் பாவு இழை எழ வேண்டும் என்பது அவர் முடிவு. இவர் மிதிக்கிறார், முந்தியில் மயில் வருகிறது. மயிலைக் கிளியாக்க இவருக்கு அதிகாரம் கிடையாது. கம்ப்யூட்டர்காரர் மொழியில், 'பார்க்க மட்டும்' அனுமதி. கூலி மட்டும் ஏனோ இன்னும் மயில் வரும் வேகத்தில் வந்து சேரக் கற்கவில்லை.

2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, இதே வித்தையைச் செய்யும் எனிடெஸ்க் செயலி வழியாக யுபிஐ பணம் பறிபோவதாக எச்சரித்தது. கணக்கு சாஃப்ட்வேர் சார் மூன்று முறை கூப்பிட்டால்தான் வருவார். மோசடிக்காரர் கூப்பிடாமலே, "வணக்கம்மா, கேஒய்சி முடியப் போகுது" என்று மரியாதையோடு வருகிறார். போகும்போது கணக்கையும் முடித்துவிட்டே போகிறார்.