ஏரல் வட்டாரத்தில் ‘ஹேங் ஆயிட்டு’: பழங்கணினி நினைவகப் பராமரிப்பு மரபுகள் – ஓர் ஆய்வு

ஆய்வென்றால் முதலில் எல்லை வகுக்க வேண்டும். இவ்வாய்வின் நில எல்லை, தாமிரபரணிக் கரையிலுள்ள ஏரல் பேரூராட்சியின் கடைத்தெரு. கால எல்லை, பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து பேஜ்மேக்கர் திறக்கும் வரை. இரண்டாவது எல்லை முதலாவதைவிடப் பெரியது.

ஆய்வுப் பொருள் ஒரு கணினி. பென்டியம் 4, 512 எம்பி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி. 2001 அக்டோபரில் வெளிவந்த எக்ஸ்பியை 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்டது. தகவல் ஏரலுக்கும் வந்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, அம்மன் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று அச்சு வேலை பார்க்கும் மாடிக் கடையொன்றில் அந்த இயந்திரம் இன்றும் ஓடுகிறது. கடையின் கோப்புகள் அத்தனையும் பேஜ்மேக்கரில், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் திறந்தால், மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் சிதறிக் கிடக்கும். மாற்றித் தட்டச்சு செய்தாலென்ன என்று கேட்டதற்குக் கடைக்கார அண்ணாச்சி சொன்னது: “எதுக்கு? அப்பன் கல்யாணத்துக்கு அடிச்சது உள்ள இருக்கு. மவனுக்கு எடுக்கும்போது தாத்தா பேருக்கு முன்னால ‘தெய்வத்திரு’ சேக்கணும், அவ்வளவுதான்.” ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை இத்தனை சிக்கனமாகச் சேமித்துவைக்கும் முறைக்கு ஆய்வுலகில் வேறு சான்று இல்லை.

களமாக ஏரலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஞாபக விஷயத்தில் இந்த வட்டாரம் சாதாரணப்பட்டதல்ல. பக்கத்திலிருக்கும் கொற்கையை விட்டுக் கடல் சில மைல் தள்ளிப் போய்விட்டது; ஆனாலும் பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்ற பெயர் அதைவிட்டுப் போகவில்லை. சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு 3200 வயது என்று 2021இல் அறிவித்தார்கள். 1908ஆம் ஆண்டு ஆடி அமாவாசையன்று மறைந்த ஊர்ச் சேர்மன் அருணாசலத்தை ஏரல் இன்றும் சுவாமியாகக் கும்பிடுகிறது. ஆடி அமாவாசைக்குக் கூட்டம் அலைமோதும். இந்த மண்ணில் வந்து உட்கார்ந்திருக்கும் ரேம் சில்லுக்கு எவ்வளவு நேரம் ஞாபகம் இருக்கிறது? உத்தரவாதம் 64 மில்லிவிநாடிக்கு மட்டும். அதன் ஒவ்வொரு சிற்றறையிலும் துளி மின்னூட்டம்தான் இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். 64 மில்லிவிநாடிக்குள் ஒருமுறை எல்லா அறைகளையும் படித்துத் திரும்ப எழுதாவிட்டால், நெல்லாவது தாழியாவது, எதற்கும் உத்தரவாதமில்லை.

ஒரே ஒரு மாதிரியை வைத்துப் பொது முடிவுக்கு வரலாமா என்று நெறியாளர் கேட்கக்கூடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி ஏரல் கடைத்தெருவுக்குள் புகுந்தது. பாலத்தை ஒட்டிய சாலை அறுத்துக்கொண்டு போக, ஊர் துண்டுபட்டது. கீழ்க்கடைகளில் ஜவுளியும் பாத்திரமும் கணக்குப் புத்தகங்களும் கணினிகளும் போயின. மாடியில் இருந்ததால் இது தப்பியது. மாதிரி ஏன் ஒன்று என்பதற்கு விளக்கம் இதுதான். இதில் வேடிக்கை ஏதுமில்லை.

இனி முந்தைய ஆய்வுகள். மான்செஸ்டரில் 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில் 16,384 சொற்கள் கொள்ளும் வேகமான நினைவகமும், பின்னால் 98,304 சொற்கள் கொள்ளும் மெதுவான காந்த உருளையும் இருந்தன. இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய நினைவகம் என்று நிரலை நம்பவைத்தார்கள். இன்று வர்ச்சுவல் மெமரி என்று நாம் சொல்லும் சமாச்சாரத்தின் பிறப்பு அது. அளவுக்கு மீறி வேலை கொடுத்தால் இந்த ஏற்பாடு ஒரேயடியாகக் குடைசாய்வது ஏன் என்று 1968இல் பீட்டர் டென்னிங் எழுதிக்காட்டினார். மூன்றாவதாக, “640 கேபி யாருக்கும் போதும்” என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு வாக்கியம் ஏரல் வரை உலவுகிறது. அவர் மறுத்துவிட்டார், மூல ஆதாரமும் கிடைத்தபாடில்லை. இடைச்செருகல் என்று தள்ளுக. 640 கேபி என்ற சுவர் மட்டும் உண்மை. டாஸ் காலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவர்கள் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் ‘டாஸ்=ஹை, யுஎம்பி’ என்று ஒரு வரி எழுதி, அந்தச் சுவருக்குள் நாற்பது ஐம்பது கேபி இடம் மீட்டு, தீபாவளிபோலக் கொண்டாடினார்கள். அவர்கள் செய்தது நிஜமான வேலை. அதற்குப் பின்னால் வந்த மரபுகளுக்குத்தான் ஆய்வு தேவைப்படுகிறது.

மரபுகளில் மூத்தது ரிஃப்ரெஷ் மரபு. திரையின் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து ‘ரிஃப்ரெஷ்’ கொடுப்பது, அல்லது எஃப்5 விசையை அடுக்கடுக்காக அழுத்துவது. இந்தியாவில் கணினி தொட்டவர் எவரும் இந்தச் சடங்கைத் தாண்டி வந்ததில்லை. யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார், கர்ணபரம்பரை. அதன் பயன், திரையிலுள்ள ஐகான்களைத் திரும்ப வரைவது. அவ்வளவே. நினைவகத்தில் ஒரு பைட்டுகூட விடுபடாது. ஒருவர் எஃப்5 நோக்கி விரலை நகர்த்தும் ஒரு விநாடிக்குள் ரேம் தன்னைத்தானே பதினைந்து முறைக்கு மேல் புதுப்பித்து முடித்திருக்கும் என்பதை அண்ணாச்சியிடம் எடுத்துரைத்தபோது, “அப்பம் நாம அமுக்குறது சும்மாவா?” என்று கேட்டு, பதில் வருவதற்குள் இன்னொருமுறை அழுத்தினார்.

அடுத்தது மந்திர மரபு. தூத்துக்குடியிலிருந்து வரும் சர்வீஸ் தம்பிகளிடம் இது வழங்குகிறது. ‘ரன்’ பெட்டியைத் திறந்து டெம்ப், பிரிஃபெட்ச், ரீசண்ட், ட்ரீ என்று வரிசையாக உச்சரிக்க வேண்டும். முதலிரண்டில் வரும் கோப்புகளை அழித்தால் வட்டில் இடம் கிடைக்கும்; ரேமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரிஃபெட்ச் என்பது நிரல்கள் சீக்கிரம் திறக்க விண்டோஸ் எழுதிவைத்திருக்கும் குறிப்பு. அதை அழித்தால் அடுத்தமுறை இன்னும் மெதுவாகத்தான் திறக்கும். ‘ட்ரீ’தான் இம்மரபின் உச்சம். கறுப்புத் திரையில் கோப்புறைப் பெயர்கள் மளமளவென்று ஓடும். வாடிக்கையாளர் வாயடைத்து நிற்பார். அது கோப்புறைகளைப் பட்டியலிடும் கட்டளை, வேறெதுவும் செய்வதில்லை. ஆனாலும் சர்வீஸ் சார்ஜில் பெரும்பங்கு அந்தக் காட்சிக்கே உரியது என்பது இவ்வாய்வாளரின் கணிப்பு.

மூன்றாவது, ரப்பர் மரபு. கணினி திரையே காட்டாமல் ‘பீ…ப், பீ…ப்’ என்று கத்தினால், கேபினெட்டைத் திறந்து, ரேம் பட்டையைப் பிடுங்கி, அதன் பொன்முலாம் பூசிய விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, மாட்டுவது. படித்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் எல்லா மரபுகளிலும் அறிவியலுக்கு நெருங்கியது இதுதான். உப்புக்காற்றும் ஈரமும் உள்ள வட்டாரத்தில் பட்டையின் தொடுமுனையில் படலம் படியும், தேய்த்தால் போகும். கழற்றி மாட்டுவதாலேயே பாதி கோளாறு சரியாகிவிடும் என்பதும் உண்மை. ரப்பர்த்தூள் சொருகுகுழிக்குள் விழாமல் தட்டிவிட்டு மாட்டினால் போதும்.

இம்மரபுக்கு எதிர்பாராத பக்கவிளைவு ஒன்றும் உண்டு. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ பார்த்த அகழாய்வு வேலையை இங்கே சர்வீஸ் தம்பி ஒரு பெயின்ட் பிரஷ்ஷோடு பார்க்கிறார். நம் கேபினெட்டில் மேலடுக்கில் காகிதத் துகள், அதன் கீழ் சாம்பிராணிக் கரி, அடியில் பல்லி முட்டை ஓடு என்று மண்ணடுக்கு தெளிவாக இருந்தது. பிராசஸரின் விசிறி அந்தப் பண்பாட்டு எச்சங்களுக்குள் புதைந்து கிடந்தது. பென்டியம் 4 அளவுமீறிச் சூடானால் எரிந்துபோகாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ரேம் பத்தவில்லை என்று இத்தனை காலம் வையப்பட்டதில் ஒரு பங்கு, தூசியைச் சேர வேண்டியது.

நான்காவது மரபு, வட்டில் வர்ச்சுவல் மெமரிக்கு எவ்வளவு இடம் விடுவது என்பது; தத்துவச் சிக்கல் நிறைந்தது. அதற்கு முன் வர்ச்சுவல் மெமரியைப் புரிந்துகொள்ள ஏரல் பாத்திரக் கடை ஒன்றுக்குள் போய்வர வேண்டும். முன்னால் மேசையில் இருப்பவை கைக்கெட்டும், அது ரேம். மற்றவை பரணில், அது வட்டிலுள்ள பேஜ்ஃபைல். மேசை நிறைந்திருக்கும்போது அண்டா கேட்டால், பையன் மேசையிலிருந்து எதையாவது பரணுக்கு ஏற்றிவிட்டுத்தான் அண்டாவை இறக்க முடியும். சீர்வரிசை வாங்க வந்தவர்கள் அண்டா, குத்துவிளக்கு, தவலை என்று மாற்றி மாற்றிக் கேட்டால், பையன் நாள் முழுக்க ஏணியிலேயே இருப்பான், வியாபாரம் நடக்காது. டென்னிங் 1968இல் சொன்னது இதைத்தான். ‘ஹேங் ஆயிட்டு’ என்று ஏரலில் சொல்வதும் இதைத்தான். கேபினெட்டின் சிவப்பு விளக்கு விடாமல் எரிகிறதென்றால் பையன் ஏணியில் நிற்கிறான்.

பரண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் மூன்று வாதங்கள். ரேமைப்போல ஒன்றரை மடங்கு என்பது ஒன்றரைவாதம். எக்ஸ்பியே இக்கட்சி; 512 எம்பிக்கு 768இல் தொடங்கி, மூன்று மடங்கான 1536 வரை போக விடும். இதிலுள்ள முரண்பாட்டை யாரும் கவனிப்பதில்லை: ரேம் குறைந்தவனுக்குத்தான் பரண் பெரிதாக வேண்டும், இந்தச் சூத்திரமோ ரேம் கூடியவனுக்குப் பெரிய பரணைத் தருகிறது. ஆரம்ப அளவும் உச்ச அளவும் ஒன்றாக இருக்கட்டும் என்பது சமவாதம். கோப்பு கூடிக் குறைந்து வட்டில் துண்டுதுண்டாகச் சிதறாது என்பதால், பழைய சுழலும் வட்டுகளில் இதற்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. பரணே வேண்டாம், ‘நோ பேஜிங் ஃபைல்’ என்பது சூனியவாதம். வட்டைத் தொடாவிட்டால் வேகம்தானே என்று சொல்லி, இளைஞர் ஒருவர் நம் இயந்திரத்தில் இதை அமல்படுத்தினார். பேஜ்மேக்கரையும் போட்டோஷாப்பையும் ஒன்றாகத் திறந்த மாத்திரத்தில் நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்பு வந்தது. பாதி முடிந்த கண்ணீர் அஞ்சலி மறைந்தது. இருமுறை அஞ்சலிக்கு உள்ளான முதல் போஸ்டர் அதுவாக இருக்கலாம். ஆய்வாளரின் தீர்ப்பு: சமவாதம், 1024 எம்பி.

ரேமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இலவச நிரல்களைப் பற்றி ஒரு வரியே போதும்: நிறைய இடம் வேண்டும் என்று பொய்யாகக் கேட்டு, மற்றவற்றையெல்லாம் வட்டுக்கு விரட்டி, பிறகு கேட்ட இடத்தைத் திருப்பிக் கொடுத்து, ‘காலி’ என்று பச்சைக் கோடு காட்டுபவை அவை. காலியான ரேமால் யாருக்கும் பலனில்லை. விரட்டப்பட்டவை அனைத்தும் திரும்பி வந்தாக வேண்டும்.

இனி உண்மையாகவே பலன் தரும் அமைப்புகள். எம்எஸ்கான்ஃபிக் திறந்து ஸ்டார்ட்அப் பட்டியலைப் பார்க்க வேண்டும். எப்போதோ இறந்துபோன ஸ்கேனரின் நிரலும், யாருடைய போனையோ இணைத்த நிரலும், மூன்று அப்டேட்டர்களும் அழைக்காமலே காலையில் வந்து உட்கார்ந்திருக்கும். டிக் எடுத்துவிட்டால் போதும். திரை அலங்காரங்களை ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றலாம். நீலப் பட்டை சாம்பலாகும், கண்ணுக்குப் பழகிவிடும். போர்டோடு வந்த கிராஃபிக்ஸ் ரேமிலிருந்தே பங்கு எடுப்பதால், 512 போட்டும் கணினி 504 என்றே காட்டுகிறது. மீதி எட்டு எங்கே என்று கேட்டதற்கு அண்ணாச்சி யோசிக்கவே இல்லை: “மகமை.” பயாஸில் இதைக் கூட்டி வைத்திருந்தால் எட்டுக்கே இறக்கலாம், பத்திரிகை அடிக்க அது தாராளம். நெட் இணைப்பைக் கழற்றிவிடுவதும் நல்லது. 2014க்குப் பிறகு வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் காணாத எக்ஸ்பியை வெளியே விடுவது ஆபத்து. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவை வேறொரு கணினியில் சோதித்த பிறகே இதில் செருக வேண்டும்.

இத்தனையும் செய்து மிச்சமானது, கூட்டிக் கழித்தால், நூறு எம்பிக்கும் கீழே. ஆடி அமாவாசை நோட்டீஸ் நெருக்கடிக்கு அது காணாது. போர்டில் இரண்டாவது சொருகுகுழி வாங்கிய நாள் முதல் காலியாக இருக்கிறது. அதில் இன்னொரு 512 எம்பி பட்டையை மாட்டினால், மேலே கண்ட மரபுகள் எல்லாம் சேர்ந்து செய்யாததை அது தனியாகச் செய்யும். இத்தகைய முடிவுக்கு ஓர் ஆய்வேடு தேவையா என்ற கேள்வி எம்.ஃபில். பட்டத்துக்கே எழுந்து, அந்தப் பட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஆகவே அதற்குள் போக வேண்டாம்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பழைய கணினியை எடைக்குப் போடும் முன், ரேம் பட்டையைக் கழற்றிப் பாருங்கள். 184 முனைகளும் நடுவில் ஒரே வெட்டும் இருந்தால் அது டிடிஆர். 168 முனையும் இரண்டு வெட்டும் உள்ளது எஸ்டிரேம், இந்த போர்டுக்கு ஆகாது. 240 முனை உள்ள டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டும் குழிக்குள் இறங்காது, அமுக்கி உடைத்துவிடாதீர்கள். 184 முனை என்றால் ஏரல் கடைத்தெருவுக்குக் கொடுத்தனுப்புங்கள். நியாயமான விலையை அண்ணாச்சி கொடுப்பார்; உங்கள் வீட்டு அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை பிழையில்லாமல் அடித்தும் தருவார்.