மேலே மறுசீரமைப்பு, கீழே காண்ட்ராக்ட்

2004 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தை இரண்டாக வெட்டினார்கள். ஓசூரும் அதன் தொழிற்பேட்டையும் கிருஷ்ணகிரிக்குப் போயின. ஒகேனக்கல் எங்களுக்கு. அருவியில் குளிக்கலாம், சம்பளம் வாங்க முடியாது. பாலக்கோட்டுப் பையன்களும் காரிமங்கலத்துப் பையன்களும் விடியுமுன் பஸ் ஏறி இன்றும் ஓசூருக்குத்தான் போகிறார்கள். நிர்வாக வசதியாம். யாருக்கு வசதி? ஒரு கலெக்டர் இருந்த இடத்தில் இரண்டு கலெக்டர்கள் வந்தார்கள்.

அதே ஆண்டு பிரான்ஸிலும் ஒரு வெட்டு. அல்ஸ்தாம் கம்பெனி தன் மின்கடத்தல் பிரிவை அரேவா கம்பெனிக்கு விற்றது. அந்தத் தொழிலின் ஓசூர் ஆலையும் சீர்வரிசையில் ஒரு குத்துவிளக்காகக் கூடவே போனது. 2010-ல் அல்ஸ்தாமே அதைத் திரும்ப வாங்கியது. விற்றதும் தொலைநோக்கு, வாங்கியதும் தொலைநோக்கு! 2015-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் வந்தது. 2024-ல் ஆலையின் பெயர் வெர்னோவா ஆனது. பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு மட்டும் வேலை நிரந்தரம்.

ஜெனரல் எலெக்ட்ரிக்கின் மேல்மாடிக் கதை இன்னும் ருசியானது. விமான என்ஜின், பல்பு, ஸ்கேன் கருவி, போதாததற்கு வட்டித் தொழில் என்று எல்லாம் செய்த கம்பெனி. அதன் தலைவர் ஜாக் வெல்ச் 2001-ல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகும் கம்பெனி செலவில் வீடும் விமானமும் உண்டு என்பது மறு வருடம் அவருடைய விவாகரத்து வழக்கில்தான் ஊருக்குத் தெரிந்தது. அடுத்து வந்த இம்மெல்ட் 16 ஆண்டுகள் ஆண்டார். அவர் பறந்த சில பயணங்களில் பின்னாலேயே இன்னொரு விமானம் காலியாகப் பறந்தது. முதல் விமானம் ரிப்பேரானால் என்ன செய்வது? நம் டவுன் பஸ் வழியில் நின்றால் நாமே இறங்கித் தள்ளுகிறோம்.

பிறகு ஃபிளானரி. 2017 டிசம்பரில் மின்சாரப் பிரிவில் 12,000 வேலைகளுக்குக் கத்தி. அடுத்த ஆண்டு டவ் ஜோன்ஸ் பங்குப் பட்டியல் அந்தக் கம்பெனியையே கழற்றிவிட்டது. 14 மாதங்களில் ஃபிளானரியும் காலி. கல்ப் வந்தார். 2020-ல் கொரோனா. விமான என்ஜின் பிரிவில் நான்கில் ஒருவருக்கு வேலை இருக்காது என்றார்கள். அதே ஆண்டு, தலைவரின் சிறப்புப் பங்குப் பரிசுக்கு வைத்திருந்த இலக்கைக் கீழே இறக்கினார்கள். தொழிலாளி இலக்கைத் தொடாவிட்டால் தொழிலாளி போவான். தலைவர் தொடாவிட்டால் இலக்கு போகும். 2021-ல் பங்குதாரர்களில் பெரும்பாலோர் அந்தச் சம்பளத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அந்த ஓட்டு யாரையும் கட்டுப்படுத்தாதாம். நமக்குப் பழக்கமான ஜனநாயகம்தான். பிறகு கம்பெனியை மூன்றாகப் பிரித்தார்கள், பங்கு விலை ஏறியது. உண்மை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு வாழ்த்துகள்.

அமெரிக்காவை மட்டும் திட்டுவானேன்? 2023 அக்டோபரில் நம் நாட்டு லார்சன் அண்ட் டூப்ரோ கம்பெனியில் நாயக் விலக, தலைவர் நாற்காலியும் நிர்வாக இயக்குநர் நாற்காலியும் சுப்ரமணியனிடம் சேர்ந்தன. அந்த நிதியாண்டில் அவர் பெற்றது 51.05 கோடி ரூபாய். ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தைப்போல 534 மடங்கு. 2025 ஜனவரியில் அவர் பேச்சு வெளியே வந்தது. வாரம் 90 மணி நேரம் உழைக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்ற வருத்தம் வேறு. வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் மனைவி முகத்தைப் பார்ப்பாய் என்று கேள்வி வேறு. 534 ஆட்களின் சம்பளம் வாங்குகிறவருக்கும் வாரத்தில் 168 மணி நேரம்தானே?

அந்த 534-ஐயும் அப்படியே நம்பிவிடாதீர்கள். சட்டப்படி போடும் அந்தக் கணக்கில் கம்பெனியின் சொந்த ஊழியர் மட்டுமே சேர்த்தி. ஒப்பந்தக்காரர் வழியாக வந்து அதே வேலையைச் செய்கிறவன் கணக்கிலேயே இல்லை. அடுத்த ஆண்டறிக்கையில் ஒவ்வொரு கம்பெனியும் அவன் கூலியையும் சேர்த்து வகுத்துப் போடட்டும். எத்தனை மடங்கு என்று நாமும் பார்ப்போம்.