பனிமலைக்கு ஒரு டெண்டர்

நெய்வேலியில் இரண்டு பேர் டீ குடிக்கக் கிளம்பினால் அதில் ஒருவர் கன்வீனர். முப்பது வருஷம் பொதுத்துறையில் குப்பை கொட்டிய உடம்பு. கமிட்டி போடாமல் எதுவும் ஓடாது. இது தெரிந்தும் தெர்மல் சாரின் மகன் மியூனிக்கிலிருந்து போன் போட்டு, "அப்பா, வர்ற வின்டருக்கு உங்க செட்டு மொத்தமும் குடும்பத்தோட வாங்க, ஸ்னோபோர்டிங் போலாம். எந்த ரிசார்ட்னு மட்டும் நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றான். ஊரை விட்டுப் போய் ரொம்ப வருஷம் ஆகிவிட்டது, பாவம்.

மறுநாள் சாயங்காலமே எங்கள் பிளாக் பூங்காவில் கமிட்டி கூடியது. எங்கள் ஊரில் ஆளுக்குப் பெயரை விட டிபார்ட்மென்ட்தான் அடையாளம். தெர்மல் சார், அனல் மின் நிலையத்தில் பாய்லரோடு குடித்தனம் நடத்தியவர். மகன் அவருடையவன் என்பதால் தலைவர். பர்ச்சேஸ் சார், குண்டூசி டப்பா வாங்கவும் மூன்று கொட்டேஷன் கேட்பவர். கன்வேயர் அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், சுரங்கத்தில் ஓடும் பெல்ட்டைப் பார்த்தே தலை நரைத்தவர். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்திரா நகரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டாலும், பொழுது சாய்ந்தால் டவுன்ஷிப்புக்குள் வந்து ஒரு சுற்று சுற்றாமல் அவருக்குத் தூக்கம் வராது. நான் மினிட்ஸ் எழுதுகிறவன். அதாவது, என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கத் தேவையில்லாதவன்.

எங்களில் ஒருவரும் பனியைக் கையால் தொட்டதில்லை. மார்கழி மூடுபனியில் ஸ்கூட்டரின் லைட்டைப் போட்டுக்கொண்டு பர்ஸ்ட் ஷிப்டுக்குப் போனது உண்டு. ஃப்ரீசரில் உறைந்ததைக் கரண்டிக் காம்பால் சுரண்டியதும் உண்டு. மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் இதற்கு மேல் என்ன பயிற்சி கிடைக்கும்?

அண்ணாச்சியின் வீட்டம்மா விஷயத்தை ஒரே வரியில் முடித்தார். "ரெண்டு காலையும் ஒரே பலகையில கட்டிக்கிட்டு மலையில இருந்து வழுக்கிக்கிட்டு வரணும், அதுக்கு நாமளே காசும் குடுக்கணும். அப்படித்தானே?"

நான் வரலாறு சொல்லிப் பார்த்தேன். 1965ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர், மகள் விளையாட இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாக இணைத்துக் கொடுத்தார். அதுதான் வளர்ந்து ஸ்னோபோர்டு ஆனது. 1998ல் ஒலிம்பிக்கிலேயே சேர்த்துவிட்டார்கள் என்றேன்.

"பிள்ளை அழுதிருக்கும், செஞ்சு குடுத்திருப்பாரு. நீங்க எதுக்கு அழறீங்க?" என்றார்.

சுவிட்சர்லாந்து முதல் கூட்டத்திலேயே அடிபட்டது. தமிழ் சினிமா புண்ணியத்தில் அந்த மலைகளை எல்லாம் நாங்கள் முப்பது வருஷமாகப் பார்த்தாயிற்று. கதாநாயகன் கோட்டு, கையுறை, மப்ளர் சகிதம் வருவார். கதாநாயகி மட்டும் சல்லாப் புடவையில் நடுங்காமல் ஆடுவார். அந்த அநியாயத்துக்கு முதலில் ஒரு முடிவு சொல்லுங்கள் என்று மகளிர் அணி கேட்டது. பர்ச்சேஸ் சார் அந்த ஊர் ஓட்டல் விலையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெர்ன் நகரில் ஈழத் தமிழர்கள் நடத்தும் சிவன் கோயில் இருக்கிறது, வழிபாடு தமிழில்தான் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். "கோயிலுக்குத் தனியா ஒரு ட்ரிப்" என்று அது மட்டும் மினிட்ஸில் ஏறியது.

தெர்மல் சாருக்கு எதிலும் உச்சம் வேண்டும். ஆஸ்திரியாவில் மயர்ஹோஃபன் என்ற ஊரில் 'ஹராகிரி' என்று ஒரு சரிவு இருப்பதைப் பிடித்துக்கொண்டு வந்தார். 78 சதவீதச் சாய்வு. நூறு மீட்டர் முன்னால் போனால் எழுபத்தெட்டு மீட்டர் கீழே போயிருப்போம். வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும் சடங்கின் பெயரை ஒரு விளையாட்டு மைதானத்துக்கு வைத்திருக்கிறார்கள். நாணயமான மனிதர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

"நம்ம மைன்ஸ்ல இந்தச் சாய்வுக்கு மேல்மண்ணைக் கொட்டினா நிக்குமா சார்?" என்றார் அண்ணாச்சி.

"நிக்காது."

"மண்ணே நிக்காத இடத்துல மனுசன் எப்படி நிப்பான்?"

மயர்ஹோஃபன் தள்ளுபடி.

அடுத்து இத்தாலியின் லிவிக்னோ. 2026 குளிர்கால ஒலிம்பிக்கின் ஸ்னோபோர்டு போட்டிகளுக்கு இடம் கொடுத்த ஊர். அகலமான, வெயில் விழும் சரிவுகள், புதியவர்களுக்கு நல்லது என்று பையன் எழுதியிருந்தான். ஊர் முழுக்க வரி கிடையாது, சென்ட்டும் விஸ்கியும் மலிவு என்றும் சேர்த்து எழுதித் தொலைத்தான். அதற்குப் பிறகு பனியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் பர்ச்சேஸ் சார் வேறொரு ஆட்சேபணையைக் கண்டுபிடித்தார். ஊட்டி 2,240 மீட்டர், லிவிக்னோ 1,816 மீட்டர். "ஊட்டியை விடப் பள்ளத்துல இருக்கிற ஊருக்கு எதுக்கு சார் விசா?" ஊட்டி பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரி, லிவிக்னோ 46 டிகிரி, குளிருக்கு உயரம் மட்டும் போதாது என்று நான் விளக்கி முடிப்பதற்குள், பக்கத்தில் விமான நிலையம் இல்லை, எங்கே இறங்கினாலும் மலைப்பாதையில் மணிக்கணக்கில் பஸ் என்று தெரிந்தது. மருதமலைப் படிக்கட்டு வரைக்கும் போவதற்குள்ளேயே வாந்தி எடுக்கும் உறுப்பினர் எங்களில் இருவர் உண்டு.

அன்டோரா நன்றாகத்தான் இருந்தது. ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள், சரிவுகளும் சாது. ஆனால் அந்த நாட்டுக்கு விமான நிலையமே இல்லை. ஸ்பெயின் வழியாகவோ பிரான்ஸ் வழியாகவோதான் நுழைய வேண்டும். உள்ளே போன நிமிஷமே ஷெங்கன் எல்லையை விட்டு வெளியே போனதாகக் கணக்கு. திரும்ப வர, பல முறை நுழையும் விசா கையில் இல்லையென்றால் மிச்ச காலம் முழுக்க அன்டோராதான். ரிட்டயர் ஆனவர்களுக்கு இது ஒரு கவலையே இல்லை என்று அண்ணாச்சி சொன்னதை அவர் வீட்டம்மா ரசிக்கவில்லை.

"குல்மார்க் போனா என்ன? கொண்டோலா இருக்கு, சொல்லிக் குடுக்க அரசாங்க இன்ஸ்டிட்யூட்டே இருக்கு" என்று ஒரு குரல் வந்தது. நிதானமான யோசனை. யூரோப் பயணத்துக்குப் பாதி ஸ்வெட்டர் வாங்கிவிட்ட கமிட்டி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் ஒருவரும் சரியான கேள்வியைக் கேட்கவில்லை. கடைசியில் கேட்டது அண்ணாச்சிதான். பையன் அனுப்பிய வீடியோவில் சின்னக் குழந்தைகளும் பெரியவர்களுமாக வரிசையாக நின்றபடியே மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வேர்க்கடலை மென்றுகொண்டிருந்த அண்ணாச்சி போனைப் பிடுங்கினார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. இது பெல்ட்டுல்லா!"

பெல்ட்டேதான். மேஜிக் கார்பெட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பலகையோடு ஏறி நின்றால் மேலே கொண்டுபோய் விடும். அண்ணாச்சி வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். ட்ரைவ் எந்த முனையில், ஐட்லர் எவ்வளவு இடைவெளியில், புல் கார்டு ஏன் கண்ணில் படவில்லை, டிஸ்சார்ஜ் பக்கத்தில் ஆள் சிக்கினால் மோட்டார் தானாக நிற்குமா என்று மியூனிக்குக்குக் கேள்வி பறந்தது. எங்கள் சுரங்கத்தில் இரண்டு மீட்டர் அகலப் பெல்ட் நொடிக்கு ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். இது ஆள் நடக்கிற வேகம். "கர்ப்பிணி பெல்ட்டு" என்று சான்றிதழ் கொடுத்தார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் இந்தப் பயணத்தின் ஒரே தொழில்நுட்ப ஆலோசனை. சாதாரணப் பெல்ட் ஏறக்குறைய 18 டிகிரிக்கு மேல் ஏறாது, சரக்கு வழுக்கிவிடும். ஐரோப்பாவில் புதியவர்களுக்கென்று நீலக்குறி போட்ட சரிவு அதிகபட்சம் 25 சதவீதம், அதாவது 14 டிகிரி. "பாத்தியளா? பெல்ட்டு ஏறுற சரிவுலதான் புதுசா வர்றவன் இறங்கணும். மலை எவ்வளவு உசரம்னு பாக்காதீங்க. அடியில எத்தனை பெல்ட்டு ஓடுதுன்னு பாருங்க."

மேலே மூவாயிரம் மீட்டரில் சிகரம் இருக்கட்டுமே, முதல் மூன்று நாள் நாம் புரளப்போவது அடியில் உள்ள நூறு மீட்டர் மேட்டில்தான். ரிசார்ட்டுகளை எடைபோட பர்ச்சேஸ் சார் எழுதி வைத்திருந்த டெக்னிகல் பிட் தலைகீழாகத் திருத்தப்பட்டது. சிகரம், மொத்தப் பாதை நீளம், ஸ்னோ பார்க் எல்லாம் அடிபட்டன. பெல்ட் உண்டா, எத்தனை? கம்பியைத் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இழுபட்டுப் போகும் லிஃப்ட் எவ்வளவு குறைவு? அதில் பக்கவாட்டாக நிற்கும் ஸ்னோபோர்டுக்காரர்தான் முதலில் விழுவார், பின்னால் வருகிறவர்களுக்கும் வழியை அடைப்பார். சமதளப் பாதை அதிகமா? பனிச்சறுக்குக்காரர் கைக்கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவார். நமக்குக் கம்பு கிடையாது. ஒரு காலை அவிழ்த்து உந்திக்கொண்டே போக வேண்டும்.

பயிற்சிக்கு எங்கள் வீட்டுப் பின்புறத்தையே எடுத்துக்கொண்டார்கள். பலா மரத்தடியில், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ரிப்பேருக்குக் கொட்டிய ஆற்றுமணல் குவியல் கிடந்தது. சென்ட்ரிங் பலகை ஒன்று, சைக்கிள் டியூப் இரண்டு துண்டு. எந்தக் கால் முன்னால் என்று முதலில் தெரிய வேண்டுமாம். பின்னாலிருந்து லேசாகத் தள்ளினால் எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ அதுதான். உலகத்தில் பெரும்பாலோருக்கு இடது கால் முன்னே போகும். எங்கள் செட்டில் தள்ளப்பட்ட அத்தனை பேரும் வலது காலை வைத்தார்கள். புது வீடு, புது ஆபீஸ், கல்யாண மண்டபம் என்று பிறந்ததிலிருந்து வலது காலை எடுத்து வைத்து வளர்ந்த சனம். பின்னாலிருந்து தள்ளினாலும் சம்பிரதாயம் மாறாது. தெர்மல் சார் முதலில் ஏறினார். பலகை நகரவில்லை. மணல் நகர்ந்தது. உட்கார்ந்த வாக்கில் இறங்கி, கையை ஊன்றப் போனவரை, "கையை மூடு! மணிக்கட்டு போயிரும்!" என்று எல்லோரும் சேர்ந்து கத்தியதில் கையையும் ஊன்றாமல் மல்லாந்தார். விரித்த கையோடு விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்வதுதான் இந்த விளையாட்டில் புதியவர்களின் வழக்கமான காயம். அதிலிருந்து அவர் தப்பினார். உட்காரும் இடத்தைப் பற்றி வீட்டில் விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

எழுந்த வேகத்தில் அவருக்கு ஒரு யோசனை. ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணைத் தோண்டிக் கொட்டுகிறோம். 1957ல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்த நாளிலிருந்து கொட்டிக்கொட்டி மலையே எழுப்பிவிட்டோம். பனி மட்டும்தானே பாக்கி? சிரித்தோம். ஆனால் ஜெர்மனிக்காரன் இதைச் செய்தே விட்டான். போட்ராப் என்ற ஊரில், நிலக்கரிச் சுரங்கக் கழிவைக் கொட்டிய மேட்டின் மேல் கூரை போட்டு, உள்ளே குளிரூட்டி, 640 மீட்டர் நீளத்துக்குப் பனிச்சரிவு அமைத்து 2001ல் திறந்தார்கள். "நமக்குக் கரன்ட் வெளிய வாங்கணும்னு கூட இல்லையே" என்று தெர்மல் சார் ஒரு வாரம் பெருமூச்சு விட்டார்.

தேதி குறிப்பது மலையைக் குறிப்பதை விடக் கஷ்டம். கிறிஸ்துமஸில் விலை ஏறும். பொங்கலுக்கு ஊரில் இருக்க வேண்டும். பிப்ரவரியில் பேரப்பிள்ளைகளுக்கு பிராக்டிகல், அங்கேயோ ஐரோப்பியப் பள்ளிகளுக்கு லீவு விட்டுக் கூட்டம் அம்மும். மார்ச்சில் பிளஸ் டூ, அப்புறம் வேலுடையான்பட்டு முருகனுக்குப் பங்குனி உத்திரம். அன்றைக்குக் காவடிக்கு நடுவே நிற்காமல் ஸ்னோபோர்டில் நின்றால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்க்கத் தயாரில்லை. மிஞ்சியது காணும் பொங்கலுக்குப் பிந்திய ஜனவரி. பார்த்தால், பனியும் நன்றாக விழுந்து விலையும் இறங்கியிருக்கும் வாரங்கள் அவைதான். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று பர்ச்சேஸ் சார் நோட் ஷீட்டிலேயே எழுதினார்.

கமர்ஷியல் பிட் பிரித்ததில் எல் ஒன், அதாவது ஆகக் குறைந்த விலை, பல்கேரியாவின் பான்ஸ்கோ. சோஃபியாவிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். 2025 ஜனவரி 1 முதல் முழுமையான ஷெங்கன் நாடு, ஒரே விசா போதும். இன்ஷூரன்ஸ் விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ அளவுக்கு இருந்தால் மட்டும் போதாது, பனி விளையாட்டைச் சேர்த்து எழுதிய பாலிசியா என்று பார்க்க வேண்டும். பல பாலிசிகளில் பனிமலையில் உடைந்த எலும்பு கணக்கில் வராது. குறை ஒன்றுதான். ஊரிலிருந்து மேலே போக ஒரே கொண்டோலா, காலையில் நீண்ட வரிசை. வரிசை என்றதும் எங்கள் ஆட்களின் முகம் மலர்ந்தது. அதில் மட்டும் நாங்கள் புதியவர்கள் இல்லை.

மகளிர் அணியைச் சாய்த்தது தயிர். 1905ல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரியர் தயிரில் கண்டறிந்த பாக்டீரியாவுக்கு அந்த நாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னதும், அரிசியும் குக்கரும் எடுத்துக்கொண்டால் போதும், நாரத்தங்காய் தனிப்பெட்டி என்று தீர்மானம் நிறைவேறியது.

அத்தோடு கூட்டத்தை முடித்திருக்கலாம். அண்ணாச்சி மெல்ல ஒரு தாளை நீட்டினார். பல்கேரியாவில் மரிட்சா இஸ்டோக் என்று ஒரு பெரிய பழுப்பு நிலக்கரி வளாகம் இருக்கிறதாம். நம்மைப் போலவே திறந்தவெளிச் சுரங்கம், பக்கெட் வீல், பக்கத்திலேயே அனல் மின் நிலையம். பான்ஸ்கோவிலிருந்து தூரம்தான், ஆனால் ஒரு நாளை ஒதுக்கினால் போதும். ஆண்கள் எல்லோரும் கை தூக்கினோம். அப்படி ஒரு ஒற்றுமை அதற்கு முன் வந்ததே இல்லை.

அண்ணாச்சி வீட்டம்மா தாளை வாங்கிப் படித்தார். "போற வழியில ரிலானு ஒரு மலைக்குள்ள ஆயிரம் வருசத்து மடம் இருக்காம், சுவர் பூரா ஓவியமாம். அங்க போக நேரமில்லைனு சொன்னீங்க. கரி தோண்டுற குழியைப் பாக்க மட்டும் நேரம் இருக்கோ? அதான் ஆசைன்னா நாளைக்கே செகண்ட் மைன் கேட்டுல எறங்கிக்கோங்க. டவுன் பஸ் டிக்கெட்டு நாங்க எடுத்துத் தர்றோம்."

ரிலா மடாலயம் ஒருமனதாக ஏற்கப்பட்டது. மரிட்சா இஸ்டோக் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று மினிட்ஸில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஓட்டல்காரர் ஒரு மெயில் போட்டிருக்கிறார். பர்ச்சேஸ் சார் டெண்டர் டெபாசிட்டாகக் கேட்ட ஈ.எம்.டி. என்றால் என்ன என்று விளக்கம் வேண்டுமாம்.