வேலியும் துணிக்கொடியும்: மறைப்பியலுக்கு ஒரு முன்னுரை

திணைகளை ஏழாக வகுத்த தொல்காப்பியர் கொல்லைப்புறத்தை எட்டாவதாகச் சேர்க்காமல் விட்டது தமிழுக்கு நேர்ந்த பேரிழப்பு. சேர்த்திருந்தால் அதன் கருப்பொருள்களை அவரே சொல்லியிருப்பார்: துருப்பிடித்த வேலி, தொய்ந்த துணிக்கொடி. உரிப்பொருள், இவற்றை விருந்தாளியின் கண்ணில் படாமல் மறைத்தலும் மறைத்தல் நிமித்தமும். அந்த விடுபாட்டை நிரப்பவே இக்கட்டுரை எழுந்தது.

இத்துறையின் முன்னோடி பறம்புமலைப் பாரி. படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்கு அவன் தன் தேரையே கொடுத்ததைக் கொடைமடம் என்று பள்ளியில் கற்பிக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் கபிலர் அந்தத் தேரின் உயரத்தைச் சொல்கிறார், மணியோசையைச் சொல்கிறார், அச்சு நன்றாக இருந்ததா என்று மட்டும் சொல்லவில்லை. கபிலர் பாரியின் நண்பர். நண்பர்கள் அதையெல்லாம் பாட்டில் வைக்க மாட்டார்கள். ஓடாத வண்டியை வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் எவருக்கும் என் ஐயம் விளங்கும். முல்லைக்குத் தேர் தேவைப்பட்டதா, தேருக்கு முல்லை தேவைப்பட்டதா என்பது இன்னும் முடியாத வழக்கு.

வேலியை மறைக்க வேண்டிய தேவை ஆதியில் இல்லை. கிளுவை, நொச்சி, ஆடாதொடை என்று நட்ட போத்துகளே வேர்பிடித்து வேலியாக நின்றன. கிளுவை மட்டும் கோடையில் இலையுதிர்த்து, சில வாரங்கள் வீட்டு ரகசியத்தைத் தெருவுக்குக் காட்டும். யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியோ மறைப்பதற்கென்றே பிறந்தது. ஓலை இற்றால் புதுக் கிடுகு வைத்து அடைப்பார்கள். மறைக்க வேண்டாத அயலவர் நுழைந்து வர அதிலேயே ஒரு பொட்டும் விட்டிருப்பார்கள். இந்த நாகரிகத்தைக் குலைத்தவர் ஜோசப் கிளிடன் என்னும் அமெரிக்க விவசாயி. மாடுகளைத் தடுக்க அவர் வடிவமைத்த முள்கம்பிக்கு 1874இல் காப்புரிமை கிடைத்தது. பிறகு அது நம் ஊர்க் கல்தூண்களுக்கு நடுவிலும் வந்து சேர்ந்தது. ஆடுகள் இன்றுவரை அதைப் பொருட்படுத்தியதில்லை.

முள்கம்பியை மறைக்கத் தமிழகம் கண்ட உத்தி பிளெக்ஸ் பேனர். விழா முடிந்த மறுநாள் கேட்டால் கொடுத்துவிடுவார்கள், கேட்காமலும் எடுக்கலாம். கயிறு கோக்க ஓரத்தில் வளையங்கள் உண்டு. கட்டி முடித்தால் வேலி மறைந்துவிடும். அதன் இடத்தில் மாவட்டச் செயலாளர் கைகூப்பி நிற்பார். பூப்புனித நீராட்டு விழா பேனர் என்றால் அன்னப்பறவைகளும் சிங்கங்களும், இடையே வரிசைக்கிரமமாகத் தாய்மாமன்களும். படத்தை உட்புறம் திருப்பிக் கட்டலாமே என்பார் கூற்றுப் பொருந்தாது. அப்படிக் கட்டினால், காலையில் லுங்கியோடு துளசிக்குத் தண்ணீர் ஊற்றும்போது செயலாளர் நம்மைப் பார்த்துச் சிரிப்பார். கண்ணீர் அஞ்சலி பேனர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. கத்தரிப் பாத்திக்குப் பின்னால் தோற்றம், மறைவு தேதிகள் தெரிவது அழகியலின் கீழ் வராது.

இதிலிருந்து மறைப்பியலின் முதல் விதி பெறப்படும். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்பது இயற்பியல். அவலட்சணம் அதில் பாதிக்குத்தான் கட்டுப்படும்: ஆக்க முடியும், அழிக்க முடியாது.

விதியைச் செடிகளால் வெல்லப் பார்த்தவர்கள் பலர். ஆடிப்பட்டத்தில் அவரை ஊன்றினால் மார்கழியில் வேலி தெரியாமல் பூத்துவிடும் என்பது உண்மை. கூடவே அசுவினி வரும், அசுவினி கசியும் இனிப்புக்கு எறும்பு வரும். எறும்புக்கு வேலிக்கால் வேறு, துணிக்கொடிக்கால் வேறு என்ற பேதம் கிடையாது. கம்பி வழியே நடந்து சட்டைக் காலரில் குடியேறும். கொடிப்பசலையின் கருநீலப் பழத்தைத் தின்ற கொண்டைக்குருவி துணிக்கொடியில் வந்தமர்ந்து வெள்ளை வேட்டியில் தன் கருத்தைப் பதிவு செய்யும். காகிதப்பூ எதையும் மூடிவிடும்; ஆனால் காற்றில் வந்த துப்பட்டாவைப் பிடித்தால் கிழிக்காமல் விடாது. முருங்கையடியில் கொடி கட்டுவதைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். கம்பளிப்பூச்சிப் பருவத்தில் அங்கே காய்ந்த பனியனைப் போட்டுப் போனவரை அலுவலகக் கூட்டத்தில் எவரும் எளிதில் இனங்காணலாம். சங்குப்பூ ஒன்றுதான் பெரிய குற்றமில்லாதது. விதைத்து இரண்டு மாதத்துக்குள் பூக்கத் தொடங்கும். பிறகு காய்ந்த நெற்றுகள் தொங்கும். அதற்குள் நமக்குப் பழகிவிடும்.

இனித் துணிக்கொடி. இதைக் கண்ணுக்குறுத்துவதாக ஆக்குவது அதன் தொய்வே. இரு முனையில் கட்டிய கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் முற்ற நேராகாது. அது தொங்கும் வளைவு என்னவென்று ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோகான் பெர்னூலி ஆகிய மூவரும் கணக்கிட்டு 1691இல் வெளியிட்டார்கள். மூவருமே ஈரப் போர்வையைக் கணக்கில் எடுக்கவில்லை. போர்வை விழுந்தால் நடுவில் ஒரு கவைக்கோல் முட்டுக் கொடுக்க வேண்டும் என்ற தீர்வைத் தந்தவர்கள் நம் பாட்டிமார்.

அடுத்தது, கொடி பேசும். பேஷன் பத்திரிகைகள் ஆடையை வர்ணிக்கும் விதத்தை ஒரு மொழியாகவே ஆராய்ந்து ரோலான் பார்த் 1967இல் நூல் எழுதினார்; ஈரத்துணியைத் தொடவில்லை. தொட்டிருந்தால் எதிர்வீட்டு மாமியிடம் பாடம் கேட்டிருப்பார். புது அளவில் ஒரு ஜீன்ஸ் தொங்கினால் மருமகன் வந்திருக்கிறார். வரிசையாகச் சதுரத் துணிகள் என்றால் பிரசவம் சுகமாக முடிந்தது. சீருடை திங்கட்கிழமை மதியம் காய்ந்தால் பையன் பள்ளிக்குப் போகவில்லை. அகத்திணையார் அலர் என்றது இங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும்.

ஆகவே கொடியை மறைப்பதைவிடக் கொடியிலுள்ளதை மறைப்பதே பெண்கள் கண்ட வழி. தெருப்பக்கக் கம்பியில் புடவை, அதற்குள்ளே துண்டு, அதற்கும் உள்ளே சொல்லத் தகாதவை. ஐந்தரை மீட்டர் புடவையை இரண்டாக மடித்துப் போட்டால் சிறு குடும்பத்தின் மானம் முழுவதும் அதன் பின்னால் அடங்கும். ஆசாரத்துக்கான மடித்துணியை உத்தரத்துக்கருகே கட்டிய கொடியில் கோலால் ஏற்றி உலர்த்திய வீடுகளும் இருந்தன. அங்கே அஞ்சியது பார்வைக்கு அல்ல, தீண்டலுக்கு. அந்தக் கோல் எவரையெல்லாம் தள்ளி நிறுத்தியது என்பதை எழுத இந்தக் கட்டுரையின் தொனி போதாது.

செடிகளுக்குள் கொடியை ஒளிக்கும் எல்லா யோசனைகளும் ஓரிடத்தில் முட்டும்: துணி காய வெயிலும் காற்றும் வேண்டும், ஒளிவிடத்தில் இரண்டும் இருக்காது. மறைப்புப் பந்தலுக்கும் கொடிக்கும் நடுவே ஆள் நடக்க இடம் விட்டு, வலையும் இடைவெளியுள்ளதாக வைத்தால் ஓரளவு காற்று வரும். விடாவிட்டால் ஐப்பசி மழையில் வீடே ஊறல் நாற்றம் எடுக்கும். அமெரிக்காவில் பல குடியிருப்புச் சங்கங்கள் துணிக்கொடியையே தடைசெய்யப் போய், வெயிலில் துணி உலர்த்தும் உரிமைக்கு புளோரிடா போன்ற மாநிலங்கள் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. மறைப்பைவிட மறுப்பு எளிது என்று நினைத்தால் இப்படித்தான் ஆகும்.

இவ்வளவையும் எங்கள் வீட்டில் வாசித்துக் காட்டியபோது கிடைத்த மதிப்புரை: “பேசாம கொடியை மொட்டை மாடிக்கு மாத்துங்க.” மாற்றியாயிற்று. கொல்லைப்புறம் இப்போது கண்ணியமாக இருக்கிறது. மாடியில் கருப்புத் தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, அவற்றோடு கொடி. முதல் விதி மாடிப்படி ஏறிவிட்டது. எதிரே நான்கு மாடி அடுக்ககம் ஒன்று எழும்பிக்கொண்டிருப்பதால் கொடிக்கு இனி நான்கு வரிசை வாசகர்கள். அதை மறைக்க உயரமாக வளரும் செடி ஏதாவது உண்டா என்று நர்சரிக்காரரிடம் கேட்டேன். “மூங்கில் வைங்க சார், கிடுகிடுன்னு வந்துரும். ஆனா இலை பூராவும் பக்கத்து வீட்டுக் கிணத்துலதான் கொட்டும். அவங்ககிட்ட முதல்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க” என்றார்.