கோட்டை அங்கேதான் இருக்கிறது

ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமைகளில் புனேக்காரர்கள் யாரும் வீட்டில் இருப்பதில்லை. பழைய மும்பை நெடுஞ்சாலையில், கண்டாலாவின் ராஜ்மாச்சி பாயிண்டில் இருப்பார்கள். அங்கே நின்றால் பள்ளத்தாக்குக்கு அப்பால் ராஜ்மாச்சிக் கோட்டையின் ஸ்ரீவர்தன், மனரஞ்சன் என்ற இரண்டு சிகரங்களும் தெரியும் என்பது ஐதீகம்.

எனக்குத் தெரிந்தது வெள்ளை. இட்லிக் கொப்பரையைத் திறந்த கணத்தில் மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு என்ன தெரியுமோ, அது. அரபிக்கடல் காற்று கொங்கணத்தைத் தாண்டி வந்து சஹ்யாத்ரியில் முட்டுகிறது, மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது, இருப்பதையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. லோனாவளாவுக்கு ஆண்டுக்கு 4000 மி.மீ.க்கு மேல் மழை. மலைக்கு இந்தப் பக்கம் புனேக்கு மிஞ்சுவது சுமார் 700. மலையைப் பச்சையாக்குவதும் அந்த மேகம்தான். யாரும் பார்த்துவிடாமல் அதைப் போர்த்திவைப்பதும் அதுதான். மே மாதம் போனால் கோட்டை பளிச்சென்று தெரியும், மலை காய்ந்து பழுப்பேறியிருக்கும், பார்க்க ஆள் இருக்காது. பருவமழை முடிந்த கையோடு பச்சையும் தெளிவும் சேர்ந்து வாய்க்கும் நாட்களும் உண்டு. அவை செவ்வாய், புதனில்தான் வரும்.

கண்டாலாவில் இன்னொரு பேர்பெற்ற பாறை இருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு அது படமெடுத்த நாகம்: நாக்ஃபணி. வெள்ளைக்காரர்கள் அதிலே, பின்னாளில் வெலிங்டன் டியூக்கான ஆர்தர் வெல்லெஸ்லியின் மூக்கைக் கண்டு, டியூக்ஸ் நோஸ் என்றார்கள். 1803இல் படையோடு புனேக்கு வந்தவர். குன்னூர்ப் பக்கத்து வெலிங்டனுக்குப் பெயர் தந்தவரும் அவர்தான். பாம்பைக் கண்டவர்களும் சரி, மூக்கைக் கண்டவர்களும் சரி, நிச்சயம் மே மாதத்தில்தான் வந்திருப்பார்கள்.

மேகத்துக்குள் கேமராவின் பாடு பரிதாபம். ஆட்டோஃபோகஸுக்குப் பற்றிக்கொள்ள ஏதாவது ஒரு விளிம்பு வேண்டும். கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னுமாக முனகிக்கொண்டு அலைகிறது. ஒளியை அளக்கும் மீட்டரோ எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று தீர்ப்புச் சொல்லி, வெள்ளையையும் அழுக்காக்கிவிடும். எக்ஸ்போஷரை பிளஸ் ஒன்றுக்கு ஏற்றினால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். ஏற்றினேன். ஒன்றுமே இல்லாததை இவ்வளவு நுட்பமாக அங்கே வேறு யாரும் படமெடுக்கவில்லை.

பெரிய கேமரா வைத்திருப்பவன் பொதுச்சொத்து. “காகா, ஏக் ஃபோட்டோ காடா நா” என்று செல்போனை நீட்டிவிட்டு, குடும்பம் குடும்பமாக மலைக்கு முதுகைக் காட்டி வரிசையில் நிற்கிறார்கள். மலை தெரியாததில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்த அம்மா, விசிறியால் வெள்ளைக்குள் ஓரிடத்தைக் காட்டி, “தித்தே கில்லா ஆஹே” என்றார். கோட்டை அங்கேதான் இருக்கிறதாம். கூட்டம் பயபக்தியோடு தலையாட்டியது. எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்த கதிரைக் கடித்தபடி நானும் ஆட்டினேன். அவர் காட்டிய திசையில் நாலு படம் கூடுதலாகவே எடுத்தேன்.

அதில் ஒன்றை, “ராஜ்மாச்சிக் கோட்டை, கண்டாலா” என்று எழுதி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். திருநெல்வேலியிலிருந்து சித்தப்பாவின் பதில் உடனே வந்தது:

“அருமைடே! இடது பக்கம் லேசா தெரியுதுல்லா, அதுதான கோட்டை?”