மாப்பிள்ளைக்குப் பாதுகாப்பு அனுமதி

கண்டி,
2022 ஜனவரி.

பதிவாளர் நாயகம் அவர்கட்கு,
பத்தரமுல்லை.

(பிரதி: பாதுகாப்பு அமைச்சு, மாப்பிள்ளை பார்க்கும் பிரிவு)

ஐயா,

வெளிநாட்டவரைக் கலியாணம் முடிக்கும் இலங்கையர் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற வேண்டும் என்று கடந்த ஒக்டோபர் 18ஆம் திகதி தாங்கள் விடுத்த 18/2021 இலக்கச் சுற்றறிக்கை, புத்தாண்டு பிறந்த அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் பெரிய மாமா தலையாட்டினால் சம்பந்தம் முடிந்தது. இனி அவருக்குப் பின்னால் முப்படையும் நிற்கும். பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதைவிட என்ன தெம்பு வேண்டும்?

மாப்பிள்ளை கடந்த ஆறு மாதத்துக்குள் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறவில்லை என்று காட்டினால் போதுமாமே. தங்கள் பெருந்தன்மையை மெச்சுகிறேன். எங்கள் ஊர்த் தரகர் மூன்று தலைமுறை விசாரிக்காமல் தேத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

கறுப்புப் பணமும் போதைப்பொருளும் கலியாணம் என்ற பெயரில் நாட்டுக்குள் வந்துவிடும் என்பதுதான் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கோடிக்கணக்கான பணத்தை வெள்ளையாக்க நினைப்பவன் தெல்தோட்டைப் பக்கத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் பெண் எடுப்பான் என்று யோசித்த மூளையை மத்திய வங்கிக்கு இடமாற்றம் செய்யலாம். அங்கே இப்போது மூளைக்குத் தட்டுப்பாடு.

ஆனாலும் தங்கள் பயம் அடியோடு பொய் என்று கண்டியில் இருந்துகொண்டு நான் சொல்ல முடியாது. வெளிநாட்டுச் சம்பந்தத்தால் ஓர் அரசே கைமாறிய ஊர் இது. குண்டசாலையில் மாளிகை கட்டி வாழ்ந்த நரேந்திரசிங்க மன்னர் மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பத்தில் பெண் எடுத்தார். 1739இல் அவர் வாரிசில்லாமல் இறக்க, சிம்மாசனத்தில் ஏறியவர் ராணியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன். மனைவிக்கு வீசா கொடுத்தால் மச்சானும் கூடவே வருவார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த அரசரும் மச்சானிடமே முடியை விட்டுப் போனார். அவர்தான் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து 1753இல் உபசம்பதை என்ற பிக்குமாரின் உயர் தீட்சையை மீட்டவரும், எசல பெரஹெரா ஊர்வலத்தில் புத்தரின் புனிதப் பல்லான தலதாவைச் சேர்த்தவரும் இந்த வெளிநாட்டு மச்சான்தான். கண்டி வாவியைக் கட்டுவித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் அதே நாயக்கர் உறவில் வந்தவர்தான். அன்றைக்குத் தங்கள் சுற்றறிக்கை இருந்திருந்தால் ராணியின் கோப்பு இன்னும் ஏதாவது ஒரு மேசையில் கிடந்திருக்கும். சுற்றுலாச் சபை தன் புத்தகத்து அட்டைக்கு வேறு படம் தேடியிருக்கும்.

ராஜா கதையை விடுவோம். உதாரணத்துக்கு ஒரு சோடியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் தெல்தோட்டைத் தோட்டத்தாள். குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அதே தெருவில் இன்னொரு வீட்டுக் கார் ஓட்டும் பையனுக்கு நீலகிரி மாவட்டம் கூடலூர். பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் அவனுடைய தாத்தா பிறந்ததும் தெல்தோட்டைதான். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தாத்தாவை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று வெற்றிலைக் கட்டை எண்ணுவதுபோல எண்ணிப் பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்து, 1974இல் பாதிக்குப் பாதி பங்கிட்டார்கள். கோச்சியில் தலைமன்னார், கப்பலில் இராமேஸ்வரம், அங்கிருந்து கூடலூர்த் தேயிலை மலை. அங்கே இன்றும் அவர்களுக்குச் சிலோன்காரர் என்றுதான் பெயர்.

அந்தச் சிலோன்காரனின் பேரன் இங்கே பெண் கேட்டு வந்தால், தங்கள் பார்வையில் அவன் அந்நியன். தாத்தாவை ஏற்றி அனுப்பும்போது பாட்டி, மாமன், மச்சான் யார் யார் என்று ஒரு அமைச்சும் விசாரிக்கவில்லை. பேரன் திரும்பி வரும்போது மட்டும் இராணுவம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இவர்கள் எங்கேதான் குடித்தனம் நடத்துவது? குவைத்தில் வீட்டு வேலை வீசாவில் இருப்பவர்களுக்குக் குடும்ப வீசா கிடையாது. இந்தியாவுக்குப் போனால், குடியுரிமைக்கு மனுப் போடவே அவள் ஏழு வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும். இலங்கை என்றால் முதலில் தங்கள் மேலதிக மாவட்டப் பதிவாளர், பிறகு பாதுகாப்பு அமைச்சு, அதற்கும் பிறகு குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் வதிவிட வீசா. அதைக் காலம் முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும். குவைத் முதலாளி கொடுக்கும் லீவோ கொஞ்சம். தெல்தோட்டையிலிருந்து கலஹா வழியாகக் கண்டிக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்புவதற்குள் லீவு முடிந்துவிடும். கலியாணம் அடுத்த ஒப்பந்தத்துக்குத் தள்ளிப்போகும்.

இந்தப் பெண்ணுக்கு அனுமதி கேட்டுப் பழக்கம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். 2013இல், வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் குடும்பப் பின்னணி அறிக்கை கொடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது என்றது. அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் கழுவக் கிராம சேவகரின் ஒப்பம் தேவைப்பட்டது. தன் வீட்டுப் பாத்திரம் கழுவ இப்போது பாதுகாப்பு அமைச்சின் ஒப்பம் தேவைப்படுகிறது. பதவி உயர்வுதான்.

அவள் அனுப்பும் பணத்தை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. 2020இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் 710 கோடி டொலர் அனுப்பினார்கள். போன மாதம் மத்திய வங்கி, உண்டியலில் போடாமல் வங்கியில் போடுங்கள், டொலருக்குப் பத்து ரூபா கூடத் தருகிறோம் என்று கெஞ்சியது. டொலர் வந்தால் பத்து ரூபா பரிசு, மாப்பிள்ளை வந்தால் ஆறு மாதச் சான்றிதழ். பணத்தை நம்புகிறீர்கள், அதை உழைத்தவள் பார்த்து வைத்த ஆளை நம்பமாட்டீர்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை அப்படி ஆபத்தான சரக்கு என்றால் இன்னொரு சந்தேகமும் வருகிறது. 2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தம் நிறைவேறி, இரட்டைக் குடியுரிமைக்காரர் பாராளுமன்றம் போகலாம் என்றானது. 2021 ஜூலையில் நாட்டின் நிதியமைச்சரானவர் அமெரிக்கக் குடியுரிமையும் உள்ளவர். திறைசேரிச் சாவியை வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள கையில் கொடுக்கலாம், லயத்து அடுப்படியை மட்டும் கொடுக்கக் கூடாதா?

ஐயா, 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் தங்கள் கையில் இருக்கிறது. விவாக அறிவித்தல் கொடுக்கவும், ஆட்சேபனை உள்ளவர் எழுந்து சொல்லவும் அதிலேயே வழி இருக்கிறது. ஏமாற்றுக் கலியாணத்தைத் தடுக்க அது போதும். ஆகவே இந்தச் சுற்றறிக்கையை மீளப்பெறுங்கள். வயது, சம்மதம், ஏற்கெனவே கலியாணம் ஆனவரா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். பாதுகாப்பு அமைச்சுக்கு அதற்குப் பிறகும் நேரம் மிச்சமிருந்தால், தோட்டம் தோட்டமாக வந்து முன்பணம் காட்டிப் பெண்களை ஏற்றிப்போகும் சப் ஏஜென்டுகளை விசாரிக்கச் சொல்லுங்கள். அவர்கள் எல்லாரும் இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள்தான்.

இங்ஙனம்,
கண்டிவாசி ஒருவர்