சரித்திரம் மிதிப்பவர்

தம் சொந்த ஊரில் தெருமுனைக் கடைக்குப் போய்க் கால் கவுளி வெற்றிலை வாங்கிவரவும் மோட்டார் வண்டியைக் கிளப்புகிறவரும், மாடிப்படி ஏறினால் முழங்காலைத் தடவிக்கொண்டு பரம்பரை வாதரோகத்தைப் பற்றிப் பிரஸ்தாபிக்கிறவருமான ஒரு கிருகஸ்தர், விடுமுறைக்குப் புதுச்சேரி வந்து சேர்ந்த மறுநாள் காலையில் மட்டும், "ஒரு நகரத்தை உள்ளபடி பார்க்க வேண்டுமானால் சைக்கிளில்தான் பார்க்க வேண்டும்" என்று அறிவித்துக் குடும்பத்தாரைப் படுக்கையிலிருந்து எழுப்புவாரானால், அவர் நான் இங்கே வர்ணிக்க எடுத்துக்கொண்ட வர்க்கத்தைச் சேர்ந்தவர் என்று வாசகர்கள் தயங்காமல் தீர்மானித்துக்கொள்ளலாம். அவருடைய பெயர் ஊருக்கு ஊர் மாறும். நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டையும், அதன் பையில் துருத்திக்கொண்டிருக்கும் நோட்டுப் புத்தகமும், முந்திய இரவு கண்விழித்துப் படித்த சரித்திரமும் மாறுவதில்லை.

வாடகை சைக்கிள் கடையில்தான் அவருடைய மகிமை முதலில் வெளிப்படும். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக் காதைச் சாய்த்துக் கேட்பார். மணியை அடித்து, அதன் நாதம் திருப்தியளிக்கவில்லை என்பதாக முகம் சுளிப்பார். கடைக்காரர், இத்தகைய நிபுணர்களைத் தினந்தோறும் கண்டு பக்குவப்பட்டவராதலால், "எல்லாம் கண்டிஷன்ல இருக்கு சார், சீட்டை மட்டும் இறக்கித் தரட்டுமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இறக்கிவிடுவார். பள்ளிக்கூட நாட்களில் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் மிதித்துப் பழகிய மனைவியோ, எதையும் சோதிக்காமல் ஒரு சைக்கிளில் ஏறி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றிருப்பாள். மூத்த பையன் அதற்குள் கண்ணுக்கெட்டாத தூரம் போயிருப்பான். ஆகவே, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தகப்பனாரின் கேரியரில் ஏற்றப்பட்டு, இறங்கிப் போக வழியில்லாத ஒரே காரணத்தால், அன்றைய பிரசங்கத்துக்கு ஏக சபையாக நியமனம் பெறுவாள்.

புதுச்சேரி மேடு பள்ளமில்லாத ஊர். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் காலூன்றி வளர்த்த இந்தக் குடியேற்றத்தை 1693-இல் டச்சுக்காரர் கைப்பற்றி, தாம் வைத்திருந்த சில ஆண்டுகளுக்குள் நேர்கோட்டு வீதிகளாக வகுத்தார்கள். 1761-இல் ஆங்கிலேயர் இதை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து கட்டியபோதும் அந்த வகுப்பைக் கைவிடவில்லை. கடல் கிழக்கே இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும், யாரும் இங்கே தொலைந்துபோக முடியாது. இவ்வளவையும் கேரியரை நோக்கி விஸ்தாரமாக எடுத்துரைத்துக்கொண்டே நம்மவர் துய்மா வீதியைத் தேடி இருமுறை வாய்க்காலைக் கடந்துவிடுவார். "என்னங்க, அலைச்சத்தம் வர்ற பக்கம் போனா ஆச்சு" என்று மனைவி பின்னாலிருந்து சொல்லுவாள். வரைபடம் கையில் இருக்கும்போது காதை நம்புவது சாஸ்திர விரோதம் என்பது அவருடைய கொள்கை. அம்மாளுடைய கொள்கை நிழலுள்ள தெருவாகத் திரும்புவது; காகிதப்பூக் கொடி மதிலுக்கு மேல் கவிந்திருக்கும் மிக அழகான வீதிகளையெல்லாம் அந்தக் குடும்பம் பார்க்க நேர்ந்தது அவளால்தான்.

பாரதி பூங்காவின் நடுவே வெண்மையாக நிற்கும் ஆயி மண்டபத்தை அடையும்போது வெயில் ஏறியிருக்கும். தண்ணீர்ப் போத்தல் காலியாகியிருக்கும். "அப்பா, தாகமா இருக்கு" என்பாள் சிறுமி. இதைக் காட்டிலும் பொருத்தமான பீடிகை ஒரு பிரசங்கிக்குக் கிடைக்குமா? தாசி ஆயி தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டினாள் என்ற கர்ணபரம்பரைக் கதையில் தொடங்கி, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரப்பட்டதையும், அதன் ஞாபகார்த்தமாகவே இம்மண்டபம் எழுந்ததையும், ஊற்றின் சுவையையும் தெளிவையும் அவர் வர்ணித்து முடிக்கிற வரையில் அந்தக் குழந்தை வறண்ட நாக்கோடு கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு சக்கரவர்த்தி முன்னின்று செய்த காரியத்தை அம்மாள், எதிரே போன இளநீர் வண்டியை நிறுத்தி, நிமிஷத்தில் முடித்துவிடுவாள்.

ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த மாளிகையின் வாசலில் மட்டும் அவருக்குத் தொண்டை தழுதழுக்கும். பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேக்குத் துபாஷியாக இருந்த அந்தப் புருஷர் 1736 முதல் 1761 வரை கப்பல் வந்ததையும், பீரங்கி முழங்கியதையும், வர்த்தகர் வழக்கையும், துரை வீட்டு வம்பையும் விடாமல் எழுதி வைத்தாரே, அந்தப் பரம்பரையில் தாமும் ஒருவர் என்ற எண்ணம் அவருக்கு உண்டு. உடனே நோட்டுப் புத்தகம் வெளிவரும்: புறப்பட்ட நேரம், இளநீர் நான்கு, அதன் விலை, பையனைக் காணவில்லை. "அவர் எழுதினது சரித்திரம், நீங்க எழுதறது பால் கணக்கு" என்று அம்மாள் ஒருநாள் சொல்லிவிடுவாளோ என்று நான் எதிர்பார்ப்பதுண்டு. அவள் புன்னகையோடு நிறுத்திக்கொள்ளும் குணவதி.

கப்ஸ் கோயிலையும் எதிரே நிற்கும் ஜோன் ஆஃப் ஆர்க் சிலையையும், பசி காரணமாக, அவர்கள் இறங்காமலே சேவித்துவிட்டுப் போவார்கள். கடற்கரைச் சாலையில் பையன் அகப்படுவான். கருங்கற் பாறையொன்றின்மேல் உட்கார்ந்து, அலைக்கு நடுவே வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் தூண்களைக் காட்டி, "இதெல்லாம் என்னப்பா?" என்று அன்று அவன் கேட்கும் கேள்வி, முந்திய இரவு தூக்கம் மேலிட்டதால் தகப்பனார் புரட்டாமல் விட்ட பக்கத்தைச் சேர்ந்ததாக அமைந்துவிடும். "அது பெரிய விஷயம், அப்புறம் சொல்றேன்" என்பார். பக்கத்தில் வேர்க்கடலை மடித்துக்கொண்டிருக்கும் கிழவர் தலை நிமிராமலே, "பழைய பாலம் தம்பி, கப்பல் சரக்கு இறக்கினது. அம்பத்திரண்டு புயல்ல போச்சு" என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டுக் காசைக் கேட்பார். 1866-இல் கட்டிய பாலம் அது என்று நோட்டுப் புத்தகக்காரர் இரவில் படித்துத் தெரிந்துகொண்டு, மறுநாள் காலை இட்லிக்கு நடுவில் சொல்லுவார்.

டூப்ளே சிலையடியில் விவகாரம் முற்றும். 1742-இல் கவர்னராகி, தென்னாட்டில் ஒரு சாம்ராஜ்யமே காண முனைந்த அந்த மகாநுபாவரை, செலவு தாளாத கம்பெனியார் 1754-இல் திருப்பி அழைத்துக்கொண்ட அநீதியை நம்மவர் உருக்கமாக விவரித்துவிட்டு, அதே மூச்சில், 1826-இல் ஏற்பட்ட தாவரவியல் தோட்டம் ஊரின் மேற்கே இருக்கிறதென்றும், வெயில் ஒரு பொருட்டல்லவென்றும் சொல்லி மிதிகட்டையில் கால் வைப்பார். "போதும், வண்டியைக் கடைப்பக்கம் திருப்புங்க" என்பாள் அம்மாள். மேல்முறையீட்டுக்கு இடமில்லாத உத்தரவு அது.

அன்றிரவு விடுதியில், தம் உழைப்பின் பலனை அறியும் ஆவலோடு மகளை அருகழைத்து, "பாண்டிச்சேரி எப்படிம்மா இருந்தது?" என்று கேட்பார். கேரியரில் பகல் முழுவதும் உட்கார்ந்து வந்த அந்தப் பெண் சற்று யோசித்து, "எல்லாம் நேர்நேரா, கட்டம் கட்டமா இருந்துச்சுப்பா" என்று மறுமொழி சொல்லுவாள். டச்சுக்காரரின் நகர அமைப்பை ஏழு வயதில் கிரகித்துவிட்ட புத்தியை வியந்து அவர் அதை அப்படியே நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்; அம்மாள், துவைக்கப் போட்டிருக்கும் அவருடைய நீலச் சட்டையை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, விளக்கை அணைப்பாள்.